பிலிப்பியர் நிருபத்துக்கு எதற்குச் சோக இசை? ஒலி வேதாகமச் செயலி ஒன்றைக் கேட்ட அனுபவம்

இந்த ஒலி வேதாகமச் செயலியை எட்டு மாதமாகத் தினமும் கேட்டுவருகிறேன். புதிய ஏற்பாடு இதில் இரண்டு பதிவாக இருக்கிறது. ஒன்றில் ஒரே ஆள் நிதானமாக வாசிக்கிறார், பின்னணியில் எதுவும் கிடையாது. இன்னொன்று பல குரல்கள், இசை, ஓசைகளோடு நாடகம் மாதிரி. விசுவாசத்துக்காக ஏதோ ஒரு விதத்தில் அடிபட்டுக்கொண்டிருப்பவர் என்னிடம் கேட்டால், சிறையிலிருந்து பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தையும் (கடிதத்தையும்) பேதுருவின் முதல் நிருபத்தையும் ஒரே குரல் பதிவில் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் இதை இறக்கிய சமயம், விசுவாசத்தை வீட்டில் வெளிப்படையாகச் சொன்னதால் எனக்கு மிக நெருங்கிய ஒருவர் பேச்சையே நிறுத்தியிருந்தார். அடி இல்லை, சிறை இல்லை. ஆனால் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தினமும் நம்மைக் கடந்துபோவது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். படிக்க உட்கார்ந்தால் எழுத்தில் கண் நிற்காது, அதனால்தான் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கேட்டது நாடகப் பதிவு. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ல் பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் அதே பிலிப்பியில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் ஜெபம்பண்ணித் துதித்துப் பாடுகிற இடம். பின்னணியில் அழுவது போல ஒரு வயலின், பாடுகிறவர்களின் குரலும் உடைந்து கரகரக்கிறது. எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. காவலில் இருந்த மற்றவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வசனம் குறிப்பாகச் சொல்கிறது. புலம்பல் சிறையில் தினமும் கேட்கிற சத்தம்தானே! அந்த ராத்திரி அவர்கள் காதில் விழுந்தது வேறு ஏதோ. 5-ஆம் அதிகாரத்தில் அடி வாங்கிய அப்போஸ்தலர்கள், இயேசுவின் நாமத்துக்காக அவமானப்படத் தகுதியுள்ளவர்களாக எண்ணப்பட்டோமே என்று சந்தோஷமாகப் புறப்பட்டுப் போகிறார்கள். அங்கேயும் அதே வயலின்.

அப்புறம் ஒரே குரலில் பிலிப்பியரைக் கேட்டேன். நான்கு அதிகாரமும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கிற நீளம்தான். அந்த நிருபங்கள் எழுதப்பட்டபோது சபை கூடிய இடத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள், எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருந்ததில்லை. அதனால் கேட்பது என்பது படிக்க முடியாதவர்களுக்கான இரண்டாந்தர வழி என்று நான் இப்போது நினைப்பதில்லை. இடைவிடாமல் கேட்கும்போது சந்தோஷம், மகிழ்ச்சி என்ற வார்த்தைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன (கிரேக்க மூலத்தில் அந்த வேர்ச்சொல் 16 முறை வருகிறது), எழுதுகிறவரோ விலங்கு போட்ட கையோடு, தீர்ப்பு வாழ்வா சாவா என்று தெரியாமல் இருக்கிறார். வாசிப்பவர் அந்தச் சந்தோஷத்தை ஊதிப் பெரிதாக்கவில்லை, பிலிப்பியிலிருந்து உதவி கொண்டுவந்த எப்பாபிரோதீத்து சாகக் கிடந்ததைப் பவுல் சொல்லும் இடத்திலும், கண்ணீரோடு எழுதுகிறேன் என்கிற இடத்திலும் குரல் தானாகத் தணிகிறது. அழுகையும் சந்தோஷமும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன, ஒன்றை மறைத்து இன்னொன்று வரவில்லை. எனக்குத் தைரியம் தந்தது அதுதான், ஏனென்றால் அழுதாலே விசுவாசம் குறைந்துவிட்டது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1:29-ல், விசுவாசிப்பது மட்டுமல்ல, பாடுபடுவதும் ‘அருளப்பட்டிருக்கிறது’ என்று வருகிறது. மூலத்தில் கிருபை என்ற சொல்லின் வேரிலிருந்து வருகிற சொல் அது. அடுத்த வசனத்தில், என்னிடத்தில் நீங்கள் கண்ட அதே போராட்டம் உங்களுக்கும் உண்டு என்கிறார் பவுல். பிலிப்பியில் அவர்கள் கண்டது அந்தச் சிறை ராத்திரியைத்தானே! நிருபத்தை வாசிக்கக் கேட்டவர்களில், அந்த ராத்திரியே விசுவாசித்த சிறைச்சாலைக்காரனும் இருந்திருக்கலாம். இதற்கு மேல் இரண்டாம் அதிகாரம் ‘ஆதலால்’ என்று ஆறுதலைப் பற்றித் தொடங்குகிறது. ஆனால் செயலி இங்கேதான் வாசிப்பை நிறுத்தி, சில நொடி அமைதிக்குப் பிறகு ‘அதிகாரம் இரண்டு’ என்று அறிவிக்கிறது. பாடுகளும் ஆறுதலும் ஒட்டியிருக்கிற இடம் அறுந்துபோகிறது. அதிகாரப் பிரிவுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவைதான், அறிவிப்பை அணைக்க ஒரு வசதி கொடுத்திருக்கலாம். நான் தேடியவரை இல்லை.

அதே பிலிப்பி சபைக்குப் பின்னாளில் சிமிர்னா பட்டணத்துச் சபையின் கண்காணி (பிஷப்) பொலிகார்ப்பு ஒரு கடிதம் எழுதினார், பவுல் அவர்களுக்கு எழுதியதை அதில் நினைவுபடுத்துகிறார். அவரே இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் இரத்தசாட்சியாக மரித்தார். 86 வருஷம் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன், எனக்கு அவர் ஒரு தீங்கும் செய்ததில்லை என்று அதிபதியிடம் சொன்ன அந்த வேளையில், தைரியமும் சந்தோஷமும் அவரை நிரப்பின என்று சிமிர்னா சபை எழுதிவைத்திருக்கிறது. தானாகவே போய்ப் பிடிகொடுத்து, மிருகங்களைக் கண்டதும் பின்வாங்கிய குயிந்து என்பவனைப் பற்றியும் அதே கடிதம் சொல்கிறது, அப்படிப் போவதை நாங்கள் பாராட்டுவதில்லை என்று. பாடுகளைத் தேடிப்போகிற தைரியத்தை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. பவுலே தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார்.

1 பேதுரு 4-ஐ இந்த மாதம்தான் மனப்பாடமாகும் அளவுக்குக் கேட்டேன். கிறிஸ்துவின் நாமத்துக்காக வரும் நிந்தையையும் பேதுரு பாடுகளின் கணக்கில் சேர்க்கிறார். கொலைக்கும் திருட்டுக்கும் அடுத்தவர் விஷயத்தில் தலையிட்டதற்கும் வருகிற பாடுகளை மட்டும் சேர்க்கவில்லை. அந்தப் பட்டியலின் கடைசி வார்த்தையில் நிறுத்தி, வீட்டில் நான் பேசிய சில வார்த்தைகளை யோசித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தது, கேட்டேன். பேச்சு இன்னும் திரும்பவில்லை.

நாடகப் பதிவு வீண் என்று சொல்லமாட்டேன். பிடிபடும் முன் இயேசு ஜெபித்த கெத்செமனேயும், எல்லோரும் கைவிட்டதைப் பவுல் சொல்கிற 2 தீமோத்தேயு 4-உம் அதில் நன்றாக வந்திருக்கின்றன. இணையம் இல்லாமலும் கேட்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், குறித்த நேரத்தில் தானாக நிற்கும். ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு அந்தக் கடைசி வசதி உபயோகப்படும், ஆனால் பிலிப்பியர் முழுவதும் ஓடி முடிகிற மாதிரி நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.