எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும்போது: பி, எஃப், எச்

கிணற்றடி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) எரிந்துவிட்டால் காயில் கட்டக் கொடுக்கிறோம். எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்று கேட்கிறோம். எந்த கிளாஸ் இன்சுலேஷன், அதாவது எவ்வளவு சூடு தாங்கும் மின்காப்பு போடுவீர்கள் என்றும் கேளுங்கள். (தண்ணீருக்குள் ஓடும் சப்மெர்சிபிளின் கணக்கு வேறு.)

பி 130 டிகிரி, எஃப் 155, எச் 180 வரை தாங்கும். இது காயிலின் மிகச் சூடான இடத்துக்கான அளவு. காற்று 40 டிகிரி, ஓடும்போது ஏறுவது 80, உள்ளே கூடுதலாகச் சுடும் இடத்துக்கு 10. ஆக, பி கிளாஸில் எல்லையைத் தொட்டாயிற்று. மே மாதம் தகரக் கொட்டகைக்குள் 48 டிகிரி அடித்தால் அந்த 8 டிகிரிக்கு இடமில்லை. 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதி என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. வார்னிஷ் மொறுமொறுவென்றாகி, நகத்தால் கீறினாலே உதிரும்.

அதே மோட்டாருக்கு எஃப் போட்டால் 25 டிகிரி கையிருப்பு. கணக்குப்படி ஆயுள் ஐந்து மடங்குக்கு மேல். பேரிங்கும் ஈரமும் அவ்வளவு காலம் விடாது. ஆனாலும் கோடை வெயிலையும் லோ வோல்டேஜையும் சமாளிக்கும். என் ஓட்டு எஃப்-க்குத்தான்.

எச் உலைப்பக்கம் ஓடும் மோட்டாருக்குச் சரி. தண்ணீர் இறைக்க அந்தச் செலவு வேண்டாம்.

எஃப் என்றால் கம்பி மட்டுமல்ல. ஸ்லாட் பேப்பர் (காயில் இறங்கும் பள்ளத்தில் வைக்கும் தாள்), ஸ்லீவ் (கம்பி மேல் மாட்டும் குழாய்), வார்னிஷ் எல்லாம் எஃப் ஆக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி ஸ்லீவ் போட்டால் முதலில் இளகுவது அதுதான். அப்புறம், பழைய காயிலை நெருப்பு வைத்து எரித்து எடுக்கும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். ஸ்டாம்பிங் தகடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால், அந்தத் தகடுகளை அடுக்கிய இரும்புக் கோர் தானே சூடாகும். மிச்சம் பிடித்த 25 டிகிரியை அது தின்றுவிடும்.

கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். காயில் முழுக்க ஒரே மாதிரி கருத்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். மூன்று ஃபேஸ் மோட்டாரின் காயில்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைப்பார்கள். ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு பங்கு கரியாகி, மீதி புதுசுபோல மின்னினால் ஒரு ஃபேஸில் கரண்ட் வராமல் போயிருக்கிறது. டெல்டாவில் ஒரு பங்குதான் கருகும். இதற்கு எந்த கிளாஸும் நிற்காது. எச்சுக்கு ஆகும் கூடுதல் காசில் சிங்கிள் பேசிங் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வாங்கி மாட்டுங்கள்.