புத்தகம் முதலில், படம் அப்புறம்: பத்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எந்த நாவல் படமாகவோ தொடராகவோ வந்தாலும் முதலில் புத்தகத்தைப் படித்துவிட வேண்டும், திரையெல்லாம் அதற்கு அப்புறம்தான். பத்து வருடத்துக்கு முன் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இது. போனையும் மிக்ஸியையும் வருடக் கணக்கில் உபயோகித்துவிட்டு அனுபவம் எழுதுகிறார்கள். என்னிடம் அத்தனை வருடம் உழைத்ததும், அதிகம் சண்டை மூட்டியதும் இந்த விதிதான் என்பதால் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

காரணம் சாதாரணமானது. ஒரு நடிகரின் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டால், பிறகு புத்தகத்தில் அந்த ஆளுக்கு வேறு முகம் வராது. அதனால் முந்திக்கொண்டு படித்துவிடுவேன். முதல் இரண்டு மூன்று வருடம் அமோகமாகப் போயிற்று. படம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது எனக்கு மட்டும் சொல்வதற்கு நிறைய இருக்கும். இன்று யோசித்தால், பாதிப் புத்தகங்களை அந்தப் பெருமைக்காகத்தான் படித்திருக்கிறேன்.

பெரிய சோதனை பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த ஐந்து பாகக் கதை, 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக வந்தது. முதல் படம் ஓடும்போது வந்தியத்தேவனின் முகம் எனக்கு ஒட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய பதிப்பைப் புரட்டினேன். நான் இத்தனை நாள் என் கற்பனை என்று காவல் காத்துவந்த முகம், தொடருக்குப் படம் போட்ட ஓவியர் மணியம் வரைந்தது. அப்படியானால் எந்த முகத்தை இந்த விதி காப்பாற்றியது?

இரண்டாவது படம் அதைவிட அதிகமாக யோசிக்க வைத்தது. நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் இருந்த இளவயதுக் காதலோடு படம் தொடங்குகிறது. அழகான தொடக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மணிமேகலை இல்லை. நாவலில் வந்தியத்தேவனை ஒருதலையாக நேசிப்பவள் அவள். அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிகிறாள். கதையே அவள் சாவோடுதான் முடிகிறது. பதினைந்து வயதில் நான் குந்தவைக்காகப் படித்தேன், முப்பதுக்கு மேல் மணிமேகலைக்காக. அவளை எடுத்துவிட்டால் நீளம் குறையும், வாஸ்தவம். ஆனாலும் ஏன் எப்போதும் இவளைப் போன்றவர்களே வெளியே போகிறார்கள் என்று அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

என் அனுபவத்தில், புத்தகம் திரைக்கு வரும்போது முதலில் வெட்டுப்படுவது மூன்று: ஒருதலைக் காதல், இரண்டு பெண்களின் நட்பு, யாரையும் எதிர்பார்க்காமல் தன் பாட்டுக்கு இருக்கும் பெண். திரைக்கு ஜோடி வேண்டும். இவன் பார்ப்பதைக் காட்டினால் அவள் திரும்பிப் பார்ப்பதையும் காட்ட வேண்டும். திரும்பிப் பார்க்க ஆளில்லாத காதலில் கேமராவை எங்கே வைப்பது? நாவலாசிரியருக்கு இந்தத் தலைவலி இல்லை, நாலு பக்கம் அவள் மனசுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

புதிதாகச் சேர்ப்பதும் ஜோடிக்காகத்தான். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் கதாநாயகன் டார்சி குளத்தில் குதிப்பதே இல்லை. 1995இல் பிபிசி எடுத்த தொடரில் குதிக்கிறார், நனைந்த சட்டையோடு கதாநாயகி எலிசபெத் எதிரில் வந்து நிற்கிறார். இன்று டார்சி என்றால் பலருக்கு அந்தச் சட்டைதான். நாவலில் என்னை அசைத்தது அவர் எழுதும் நீண்ட கடிதம். தன்னை வேண்டாம் என்று சொன்னவளுக்கு, மறுபடி கெஞ்சாமல், நடந்ததை மட்டும் விளக்கும் கடிதம். அது யாருடைய ஸ்டேட்டஸிலும் வராது. (சட்டைக் காட்சியை நானும் இரண்டு தடவை பார்த்தேன். சரி, மூன்று.)

என் கணவருக்கு நாவல் படிக்கும் பழக்கம் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்போது "இது புத்தகத்துல இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, "நீ படம் பார்க்கல, புரூஃப் பார்க்குற" என்றார். அன்று இரவு பேசவில்லை. மறுநாள் தனியாக மீதியைப் பார்த்தேன். திருத்தம் சொல்லக் கேட்க ஆளில்லாததால் படம் அப்படியொன்றும் மோசமாகத் தெரியவில்லை.

விதி தளர்ந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை, ஜெயகாந்தனும்தான். 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனிடம் காரில் சிக்கிக் கெட்டுப்போய் வீடு திரும்பும் மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று விஷயத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை, அலறி எல்லோருக்கும் தெரியவைத்துவிடுகிறாள். மகள் கங்காவின் மொத்த வாழ்க்கையும் வேறாகிவிடுகிறது. அந்த நாவலைப் படமாக எடுத்தபோது திரைக்கதை எழுதியதும் ஜெயகாந்தனே. எழுதியவரே தன் கதையைத் திருப்பிப்போட்டு இன்னொரு வாழ்க்கையைக் காட்டும்போது, எந்த மூலத்துக்கு நான் காவல் நிற்பது?

2019இல் வந்த 'லிட்டில் விமன்' படத்துக்காக முதல் தடவையாக விதியை மீறினேன். படத்தில் ஜோ தன் நாவலின் கதாநாயகிக்குக் கல்யாணம் செய்துவைக்கிறாள், ஏனென்றால் பதிப்பாளர் அப்படித்தான் கேட்கிறார். அதற்குப் பதிலாகக் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் நாவலை எடுத்தேன். அதில் ஜோவுக்கு நடக்கும் கல்யாணத்தைப் படிக்கும்போது, கல்யாணமே செய்துகொள்ளாத லூயிசா மே ஆல்காட் அந்தப் பக்கத்தை என்ன மனநிலையில் எழுதியிருப்பார் என்ற கேள்வி விடவில்லை. புத்தகத்தை முதலில் படித்திருந்தால் சந்தோஷமான முடிவு என்று மூடிவைத்திருப்பேன்.

இதே விதியைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். படம் வரப்போகிறது என்ற அறிவிப்பைப் பார்த்து அவசரமாகப் படிக்காதீர்கள். போன வாரம் படித்த புத்தகம் தலையில் இருந்தால் வசனம் வசனமாக ஒப்பிடத்தான் தோன்றும். ஒரு வருடம் இடைவெளி இருந்தால் உண்மையிலேயே மனசில் தங்கியது மட்டும் மிச்சமிருக்கும், ஒப்பிட அது போதும். அப்புறம் மர்மக் கதைகள். அவற்றுக்கு இந்த விதி சுத்தமாக உதவாது, கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு ஆறு எபிசோடு உட்காருவது தண்டனை.

இப்போது வீட்டில் விதி தலைகீழாக ஓடுகிறது. 'அசுரன்' படத்தை என் கணவர் நாலைந்து முறை பார்த்திருக்கிறார். அது பூமணியின் 'வெக்கை' நாவல் என்று சொல்லி, சின்னப் புத்தகம்தான் என்று ஆசை காட்டிக் கையில் கொடுத்தேன். எட்டு நாளில் நடக்கும் கதை. படத்தில் அப்பா பெரிதாகிவிட்டார், நாவலிலோ பதினைந்து வயதுப் பையனின் கண்வழியாகவே எல்லாம் நகர்கிறது. ஒரு மாதமாகப் பாதியில் நிற்கிறார், பேருந்துச் சீட்டை அடையாளமாக வைத்திருக்கிறார். அடுத்தது என்ன என்று நான் வாயைத் திறந்தால் கையை உயர்த்தித் தடுக்கிறார். படத்தை அத்தனை தடவை பார்த்தவர், கதையைச் சொல்லிவிடாதே என்கிறார்.