மலைநகரக் கான்களில் ஸ்விம்: நீண்டநாள் பாவனை அனுபவம்

மழைநீர் வடிகான்களைக் கணக்கிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளை, எங்கள் வாயில் ஸ்விம், பல வருடங்களாக ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியாப் பக்கத்து வேலைகளுக்குப் பாவித்து வருகிறேன். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தயாரிப்பு. ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது, ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. சமதரை ஊர்களில் இது எப்படி வேலை செய்யும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மலையில் கதை வேறு.

முதல் தலையிடி மழைத் தரவு. ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு நாள் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஹெக்டெயர் தார், சீமெந்து, தகரக் கூரையில் 60 மில்லிமீற்றர் மழை நாள் முழுக்கத் தூறினால் கானுக்கு விநாடிக்கு 6 லீற்றர் அளவில்தான் வரும். அதே மழை ஐப்பசிப் பின்னேரம் இடியோடு ஒரே மணித்தியாலத்தில் கொட்டினால் 150 லீற்றர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மழைமானி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

தேயிலை மலைச் சரிவுகளில் மண் எவ்வளவு மழையை உறிஞ்சும் என்று கணக்கிட கிரீன்-ஆம்ப்ட் முறையே எனக்குப் பிடித்தது. அதில் மண்ணின் ஆரம்ப ஈரக் குறைவு என்று ஓர் எண் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் நாட்கணக்காக நனைந்த மண்ணுக்கு அதைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். மாசி வெயிலில் காய்ந்த மண்ணுக்குக் கூட்ட வேண்டும். ஒரே எண்ணை வருடம் முழுக்க வைத்தால் விடை கையை விட்டுப் போய்விடும்.

இனி உண்மையான சிக்கல். கான் நிரம்பி வெளியே வரும் தண்ணீரை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஸ்விம் கணக்கிலிருந்தே தூக்கிவிடும். தேங்கல் தெரிவைப் போட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்து, கானில் இடம் கிடைத்ததும் திரும்ப உள்ளே விடும். மலை ரோட்டில் எந்தத் தண்ணீர் நின்று பார்த்திருக்கிறது? மேல் கடைத்தெருவில் கான் பொங்கினால் தண்ணீர் ரோட்டோடு ஓடி, கீழ் வளைவில் யாருடைய வாசலுக்குள்ளோ இறங்கும். அதனால் ரோட்டையே இன்னொரு திறந்த கானாக, உள்ள கானுக்குப் பக்கத்தில் வரைந்துவிடுவேன். அதற்கப்புறம்தான் வெள்ளம் வந்த வீடுகளும் கணினி காட்டும் இடங்களும் ஒத்துப்போகத் தொடங்கின. 2022இல் வந்த 5.2 பதிப்பில் தெருவும் நீர் உள்வாங்கும் கம்பி வாய்களும் சேர்ந்திருக்கின்றன. வாய் எத்தனை சதவீதம் அடைபட்டிருக்கிறது என்றும் கொடுக்கலாம். லன்ச் ஷீட், போத்தல், மரக்கறிக் கழிவு எல்லாம் வந்து சேரும் சந்தைச் சந்திக்கு நான் 50 போடுவேன். நியாயமான எண்தான், போய்ப் பார்த்தால் தெரியும்.

கானுக்குள் தண்ணீர் ஓடும் கணக்குக்கு, ஸ்விம் தரும் முறைகளில் டைனமிக் வேவ் மட்டும். நுவரெலியாவில் கிரகரி வாவி மட்டம் உயர்ந்தால் கான் தண்ணீர் பின்னுக்குத் தள்ளும். இன்னோர் எளிய முறையான கைனமெட்டிக் வேவுக்கு அது தெரியாது. ஆனால் செங்குத்தான குறுங்கான்களில் டைனமிக் வேவ் தரும் எண்கள் மேலும் கீழும் துள்ளும். கணக்கிடும் இடைவெளியை ஒரு விநாடி வரை குறைத்து, தொடர்ச்சிப் பிழை, அதாவது நீர் வரவு செலவுக் கணக்கில் விழும் வித்தியாசம், எவ்வளவு என்று அறிக்கையில் பார்த்துவிட்டுத்தான் வரைபடத்தை யாருக்கும் காட்டுவேன்.

ஸ்விம்முக்குத் தெரியாதது மண். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது இறங்கியது வெறும் தண்ணீரா? சேறும் கல்லும் மரமும் சேர்ந்தல்லவா வந்தது. ஸ்விம்மில் ஓடுவது தெளிந்த நீர் மட்டுமே. மண்சரிவு அபாயத்துக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு கரை உடைப்பதைப் பார்க்க ஹெக்-ராஸ் என்ற ஆற்று ஓட்ட மென்பொருள் நல்லது, அதுவும் இலவசம். ஆனால் 30 மீற்றர் கட்டங்களாக வரும் செய்மதி உயரத் தரவை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்: ரோடும், அணைச்சுவரும், அதற்குக் கீழே இருக்கும் வீடும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி ஒரே உயரமாகிவிடும்.

ஸ்விம் பழைய மடிகணினியிலும் ஓடும். விண்டோஸ் இல்லாதவர்கள் பைதான் நிரல்மொழி வழியாக இயக்கலாம்.