ப்ராக் போறவங்க காசு மாத்தறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

நாங்க இருக்கறது ம்யூனிக்ல. நைட் பஸ் புடிச்சா காலைல ப்ராக், ஒரு நாள் முழுக்க சுத்திட்டு திரும்பிடலாம்னு நானும் வீட்டுக்காரரும் ரொம்ப நாளா பேசிட்டு இருந்து ஒருவழியா போயிட்டு வந்தோம். ஊர் அவ்ளோ அழகு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஓல்டு டவுன் பக்கம் டூரிஸ்ட்கிட்ட காசு புடுங்கறதுக்குன்னே சில பேர் உக்காந்திருக்காங்க, அத சொல்லாம இருக்க முடியல. அடுத்து போற யாருக்காவது உதவட்டும்னுதான் எழுதறேன்.

ப்ராக் இருக்கற செக் நாட்டுல யூரோ கிடையாது, கொருனா. ஒரு யூரோவுக்கு கிட்டத்தட்ட 25 கொருனா, ஒன்னு ரெண்டு முன்ன பின்ன இருக்கும். பவுடர் டவர் தாண்டி ஓல்டு டவுன் ஸ்கொயருக்கு நடந்து போற வழியில காசு மாத்தற கடை வரிசையா இருக்கு, ஒன்னுல "0% கமிஷன்"னு பெருசா போட்டு கீழ யூரோ கொடி பக்கத்துல 25 சொச்சம்னு லைட்டு போட்ட நம்பர். சரி நல்ல ரேட்தானேன்னு இவர் உள்ள போய் 200 யூரோ குடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளு ஒரு வார்த்தை பேசல, மெஷின்ல தட்டினான், ரசீத நீட்டி கையெழுத்து போடுங்கன்னு விரல காட்டினான், நோட்ட வேகமா எண்ணி தள்ளிவிட்டான். கைல வந்தது 3,300 கொருனா. 5,000 கிட்ட வந்திருக்கணும்! கேட்டா, வெளிய போட்டிருக்கற 25 அவங்க நமக்கு யூரோ விக்கற ரேட்டாம், நம்ம யூரோவ வாங்கற ரேட் 16.50ஆம். அது எங்க இருக்குன்னு கேட்டதுக்கு பக்கவாட்டு சுவத்துல ஒட்டியிருந்த ஒரு பேப்பர காட்டினான், எழுத்து பொடி பொடியா. ப்ராக்குக்கு வர்ற டூரிஸ்ட் எவன் கொருனா குடுத்து யூரோ வாங்க போறான்? கமிஷன் இல்லங்கறது நிஜம்தான், மொத்தத்தையும் ரேட்லயே எடுத்துக்கிட்டா எதுக்கு தனியா கமிஷன். திருப்பி குடுங்கன்னு சொன்னோம், கையெழுத்து போட்டாச்சு முடியாதுன்னுட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டான்.

இவர் "விடும்மா, போனது போகட்டும், வந்த நாள கெடுத்துக்க வேணாம்"னார். எனக்கு வயிறு எரிஞ்சுது, 65 யூரோ கிட்ட போகுதுல்ல.

11 மணிக்கு அந்த வானியல் கடிகாரம் முன்னாடி நின்னோம். 1410ல வச்சதுங்க அது, இன்னிக்கும் ஓடுது. மணி அடிக்கறப்ப எலும்புக்கூடு கயிற இழுக்குது, மேல ரெண்டு ஜன்னல் தொறந்து இயேசுவோட சீடர்கள் பொம்மை ஒவ்வொன்னா வந்து போகுது, கடைசியா சேவல் கூவும். எல்லாரும் ஃபோன மேல தூக்கி வீடியோ எடுத்துட்டு நிப்பாங்க, பிக்பாக்கெட்காரனுக்கு அதுதான் நேரம், பைய முன்னாடி போட்டுக்கோங்க. அந்த கடிகாரம் இருக்கற டவுன் ஹால் கிழக்குப் பக்கம் தரையில 27 வெள்ளை சிலுவை பதிச்சிருக்கு, 1621ல ஹப்ஸ்பர்க் ராஜாவ எதுத்த 27 பேர அங்கயே கொன்னாங்க. நிறைய பேர் அது மேலயே நடந்து போறாங்க, கொஞ்சம் குனிஞ்சு பாத்துட்டு போங்க.

அந்த ஸ்கொயர்லயே அடுத்த ஏமாத்து வேலை. விறகு நெருப்புல பெரிய பெரிய பன்னித் தொடைய சுத்திவிட்டு வாட்டறாங்க, ப்ராக் ஹாம். வாசனைக்கு இவருக்கு பசி வந்துடுச்சு. போர்டுல 119 கொருனா. நான் அந்த போர்டு கிட்டயே போய் பாத்தேன், கீழ ஓரத்துல சின்னதா 100 கிராம்னு இருந்துச்சு. அதனால சைகை காட்டி, இங்க்லீஷ்ல தெளிவா சொல்லி, 100 கிராம் மட்டும்னு கேட்டேன். தலைய ஆட்டிட்டு கத்திய போட்டு ஒரு துண்டு அறுத்தான், தராசுல 380 கிராம். குறைங்கன்னா, அறுத்தத திருப்பி வைக்க முடியாதுன்னு ஒரே பேச்சு. 452 கொருனா! பின்னாடி நின்ன வயசான தம்பதி உருளைக்கிழங்கு கேட்டாங்க, அதுவும் எடைக்குதான், அகப்பைய ரொப்பி தட்டுல கொட்டினான், பாவம் அவங்க பில்ல பாத்துட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கேட்டதுக்கு மேல அறுத்தா வேணாம்னு சொல்லிட்டு வந்துடலாம், வாங்கியே ஆகணும்னு இல்ல. எங்களுக்கு பின்னாடி கூட்டம் நெருக்குச்சு, அவன் தட்ட கைல திணிச்சிட்டான்.

அப்புறம் சார்லஸ் பிரிட்ஜ். நாலாம் சார்லஸ் ராஜா 1357ல அடிக்கல் நாட்டினது, ரெண்டு பக்கமும் சேத்து 30 சிலை. நெபோமுக் சாமியார் சிலைக்கு கீழ இருக்கற தகட்ட தொட்டு தொட்டு பொன்னாட்டம் மினுக்க வச்சிருக்காங்க, அவர 1393ல பாலத்துலேருந்து ஆத்துல தள்ளி கொன்னாங்க. நாங்களும் தொட்டோம்.

பாலத்த தாண்டி மாலா ஸ்த்ரானா பக்கம் ஒரு சின்ன கஃபேல காபி குடிக்கறப்ப அங்க வேலை செய்யற பொண்ணு எங்க மூஞ்சிய பாத்து என்னாச்சுன்னு கேட்டா. ரசீத காட்டினோம். அந்தப் பொண்ணு சொன்னதுதான் இந்தப் பதிவுலயே முக்கியமான விஷயம். 2019லேருந்து அங்க சட்டம் இருக்கு, காசு மாத்தற கடையில மாத்தினா 3 மணி நேரத்துக்குள்ள போய் வேணாம்னு சொல்லி திருப்பி வாங்கிக்கலாம், 1,000 யூரோ அளவு வரைக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்ல, அதுக்குன்னு அவங்க காசு புடிக்கவும் கூடாது. ரசீதுல மாத்தின நேரம் போட்டிருக்கும். எங்களோடதுல 10:12. அப்ப மணி 12:20 தாண்டிடுச்சு.

காபிய பாதில வச்சிட்டு ஓடினோம். பாலத்துல அவ்ளோ கூட்டம், படம் வரையறவங்க, பாட்டு வாசிக்கறவங்க, குரூப் குரூப்பா ஆளுங்க, இடிச்சு புடிச்சு போய் சேரறப்ப ஒரு மணி ஆக அஞ்சு நிமிஷம். அதே ஆளுதான் இருந்தான். மொதல்ல இங்க்லீஷ் புரியாத மாதிரி நின்னான், அப்புறம் மேனேஜர் இல்ல நாளைக்கு வாங்கன்னான். இவர் சத்தம் போடாம "மூணு மணி நேரம் சட்டம், செக் நேஷனல் பேங்குக்கு எழுதவா"ன்னு கேட்டுட்டு ரசீதையும் சுவத்து பேப்பரையும் போட்டோ எடுத்தார். போட்டோ எடுத்ததும் ட்ராயர்லேருந்து ஒரு ஃபார்ம் வந்துச்சு பாருங்க! ஹாமுக்கு செலவான கொருனாவ ஈடுகட்ட, கைல இருந்த வேற யூரோவ மாத்தி கிடைச்ச கொருனா நோட்டையும் சேத்து 3,300ஐ முழுசா குடுத்தோம், எங்க 200 யூரோவ தந்தான். மாத்தின காச செலவு பண்ணிட்டா இந்தச் சிக்கல் வரும், அதனால ரேட் தப்புன்னு தெரிஞ்சா ஒரு கொருனா கூட தொடாதீங்க. ரசீத தூக்கி போட்றாதீங்க.

நிஜமா சொல்லணும்னா அங்க கேஷே அவ்வளவா தேவைப்படல. மத்தியானத்துக்கு மேல கோட்டைக்கு 22ஆம் நம்பர் டிராம்ல போனோம், உள்ளயே கார்டு தட்டி டிக்கெட் எடுக்கற மெஷின் இருக்கு. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறினதும் மஞ்ச பெட்டில விட்டு முத்திரை குத்திடணும், இல்லன்னா ஃபைன். கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் வைட்டஸ் கதீட்ரல் 1344ல ஆரம்பிச்சு 1929லதான் கட்டி முடிச்சாங்க, அங்க மூக்காங்கற செக் ஓவியர் டிசைன் பண்ண கலர் கண்ணாடி ஜன்னல் முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன், காலைல நடந்ததெல்லாம் மறந்தே போச்சு.

காசு எடுத்தே ஆகணும்னா பேங்க் பில்டிங்லயே இருக்கற ஏடிஎம்ல எடுங்க. யூரோல கணக்கு போடவான்னு ஸ்க்ரீன்ல கேட்டா வேணாம்னு குடுங்க, உங்க பேங்க் ரேட்தான் நல்லது, கடையில கார்டு தேய்க்கறப்பவும் இதே கேள்வி வரும், கொருனாலயே போடச் சொல்லுங்க. தெருவுல எவனாவது வந்து நல்ல ரேட் தரேன்னா நிக்காம போயிடுங்க, செல்லாத பழைய வெளிநாட்டு நோட்ட கொருனான்னு கைல குடுத்துட்டு போயிடுவானுங்க, அத எங்கயும் மாத்த முடியாது. ஹாம் கடைக்காரன் மேல புகார் குடுக்கணும்னா செக் வர்த்தக ஆய்வு ஆபீஸ்னு தனியா இருக்கு, எங்ககிட்ட பில் இருக்கு, எழுதியாச்சு. காசு மாத்தற கடைய பத்தி நேஷனல் பேங்குக்கும் போட்டோவோட அனுப்பிட்டோம், பதில் இன்னும் வரல.