காவடி விரதத்தில் எந்தச் சர்க்கரை மாத்திரை என்ன செய்யும்?

மொரிசியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தைப்பூசக் கொடி ஏறியதும் பத்து நாள் விரதம் பிடிப்பவர்களிலும் மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர். ஜனவரி, பிப்ரவரி இங்கே நல்ல கோடை. காவடியன்று வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, தார்ச்சாலையில் மணிக்கணக்கில் நடக்க வேண்டும். காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோயில் என்றால் கடைசியில் படியும் ஏற வேண்டும்.

பார்மசியில் வேலை பார்ப்பதால் இந்தக் காலத்தில் ஒரே கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வரும்: எந்த மாத்திரை ஆபத்து? மூன்று வகைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: ஒன்று மெட்ஃபார்மின்; இரண்டு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகள்; மூன்று, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய ‘ஃப்ளோசின்’ மாத்திரைகள். என் கணிப்பில், ஜனங்கள் அதிகம் பயப்படுவது மெட்ஃபார்மினைப் பார்த்து. விரத காலத்தில் அதிகம் பயப்பட வேண்டியதோ மற்ற இரண்டையும்.

முதலில் மெட்ஃபார்மின். "கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்தியவர்கள் பலர். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் அது வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்குகிறது. அப்போது லாக்டிக் அசிடோசிஸ் என்னும் நிலை வரலாம். ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. மெட்ஃபார்மினின் நெருங்கிய உறவான ஃபென்ஃபார்மின் இதனால்தான் 1977இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அந்தப் பழி இன்னும் மெட்ஃபார்மின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் 1957 முதல் புழங்கிய மருந்துக்கு அமெரிக்கா 1994 டிசம்பரில்தான் அனுமதி கொடுத்தது. உண்மையில் ஒரு லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் பத்துக்கும் குறைவானவர்களுக்கே லாக்டிக் அசிடோசிஸ் வருவதாகக் கணக்கு. சிறுநீரகத் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனவர்கள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களுக்கு இதை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவதும் அபூர்வம்.

ஆனால் விரதத்தில் ஒரு கண்ணி உண்டு. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்து, வாந்தியோ பேதியோ வந்து, கால்வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டால், நல்ல சிறுநீரகமே ஓரிரு நாளில் சுருண்டுவிடும். அப்போது மெட்ஃபார்மின் தேங்கத் தொடங்கும். அதனால் வாந்தி, பேதி நிற்காதபோது இதை நிறுத்திவைத்து டாக்டரிடம் பேச வேண்டும். மூச்சு வேகமாக ஆழ்ந்து வாங்கினால், வயிறும் தசையும் வலித்துத் தூக்கம் தூக்கமாக வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

அடுத்தது பழைய மாத்திரைகள். போன காவடிக்கு முன்னால் எழுபது தாண்டிய ஓர் அம்மா வந்தார். "கிட்னியைக் கெடுக்கிறது வேண்டாம் தம்பி, இந்தச் சின்ன மாத்திரை போதும், இதுதான் சட்டுனு இறக்குது" என்றார். அவர் நிறுத்தியது மெட்ஃபார்மினை. கையில் வைத்திருந்த அட்டை கிளிபென்கிளமைடு. விரதத்தில் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சாயங்காலம். "காலையிலே மாத்திரை போடுவீங்களா அம்மா?" என்று கேட்டேன். "அதை விடலாமா? டாக்டர் திட்டுவாரே" என்றார். இரண்டு முடிவுமே தலைகீழ். அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

இந்த மாத்திரைகள் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. கிளிபென்கிளமைடு இவற்றில் மோசமானது. உடம்புக்குள் உடைந்த பிறகும் அதன் துண்டுகள் வேலை செய்கின்றன, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அவை தேங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்குப் பதிலாகக் கிளிக்லசைடைச் சேர்த்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதில்லை என்றும் குறித்தது. இரண்டில் ஒன்று என்றால் நான் தயங்காமல் கிளிக்லசைடு பக்கம்தான். ஆனாலும் வெறும் வயிற்றில் அதுவும் சர்க்கரையை இறக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் கூடச் சேர்ந்தால் இன்னும் இறக்கும்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம்; மிஞ்சுவது வியர்வைதான். காவடியில் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது. சர்க்கரை இன்னும் இறங்கினால் பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், கூப்பிட்டால் பதில் வராது, உடம்பு தள்ளாடும். பக்கத்தில் நிற்பவர்கள் அருள் வந்திருக்கிறது என்று கும்பிடுவார்கள். நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்தியவரால் தன் நிலைமையை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, சர்க்கரைத் தண்ணீரை விழுங்கவும் முடியாது. இந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வாயில் அலகு குத்தக் கூடாது என்பது என் திடமான கருத்து. நேர்த்திக்கடனை முருகன் பால்குடமாகவும் ஏற்றுக்கொள்வான்.

இன்னொன்று. சர்க்கரை கொடுத்து எழுந்து உட்கார்ந்ததும் "சரியாப் போச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். மயக்கம்வரை போனவரை ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பணமும் கேட்பதில்லை.

மூன்றாவது, ஃப்ளோசின் வகை. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கின்றன, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் இறங்குவதில்லை. சாதாரண நாளில் பழைய மாத்திரைகளைவிட இவை மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விரதத்தில் கதை மாறுகிறது. சாப்பாடு குறைந்து, தண்ணீர் குறைந்து, இன்சுலினும் தாழ்ந்திருக்கும்போது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறினால் கீட்டோஅசிடோசிஸ். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதமே இதை எச்சரித்தது.

கவலை தருவது என்னவென்றால், வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை எகிறியிருக்கும். இதில் குளுக்கோமீட்டர் 9, 10 மில்லிமோல் (மில்லிகிராம் கணக்கில் 160, 180) என்று காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல், அசதி எல்லாம் இருக்கும். வீட்டில் மீட்டரைப் பார்த்து "சர்க்கரை நல்லாத்தான் இருக்கு, விரதக் களைப்பு" என்று படுக்க வைத்துவிடுவார்கள். ரத்தத்தில் கீட்டோன் பார்த்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் போய் "ஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறார், கீட்டோன் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள், பட்டினிதான் ஒரு முக்கியக் காரணம். அதே காரணம் காவடிக்கும் பொருந்தும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

ஃப்ளோசினுக்கு இன்னொரு அபூர்வ ஆபத்து உண்டு: பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே சதை அழுகும் தொற்று. ஐந்து வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் 12 பேர் என்று 2018இல் அதே அமெரிக்க அமைப்பு சொன்னது. ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள். எண்ணிக்கை சிறியது, ஆனால் வெட்கப்பட்டு மறைத்தால் உயிர் போகும். அந்த இடத்தில் வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

மற்ற சர்க்கரை மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிட்டாகிளிப்டின் வகை விரதத்தில் பெரும்பாலும் சாது. அபூர்வமாகக் கணைய அழற்சி வரும். பயோகிளிட்டசோன் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. செமாக்ளூடைடு ஊசியில் வாந்தி அதிகமானால் நீர்வறட்சி, அதிலிருந்து சிறுநீரகப் பிரச்சினை. இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைக்கலாம், அவர் சொல்லாமல் முழுக்க நிறுத்தக் கூடாது.

ஆக, விரதத்துக்கு என் வரிசை இது: சிறுநீரகம் நன்றாக இருந்தால் மெட்ஃபார்மின் தொடரலாம், ஃப்ளோசினை முன்கூட்டியே நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும், கிளிக்லசைடின் அளவையும் வேளையையும் மாற்ற வேண்டும், கிளிபென்கிளமைடை விரதத்துக்கு முன்பே வேறொன்றாக மாற்றக் கேட்க வேண்டும். இங்குள்ள முஸ்லிம்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கென்று சர்வதேச வழிகாட்டியே இருக்கிறது, 2021இல் புதுப்பித்தார்கள். காவடிக்கு நாமும் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே போகலாம். "பத்து நாள் விரதம், கடைசி நாள் இத்தனை மணிவரை பட்டினி, இத்தனை தூரம் நடை" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

அன்றைய நாளுக்குக் கூட வருகிறவர் கையில் குளுக்கோமீட்டர், குளுக்கோஸ், மாத்திரைப் பட்டியல் மூன்றும் இருக்கட்டும். விரலைக் குத்தும் முன் கையைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பஞ்சாமிர்தமோ தேனோ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். 4 மில்லிமோலுக்குக் (மில்லிகிராம் கணக்கில் ஏறத்தாழ 70) கீழே இருந்தால் விரதத்தை அங்கேயே முடித்து 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.