கால் நீட்டிப் படுக்க குஸ்கோவா, சூக்ரேயா?

பெரு, பொலிவியா என்று ஐந்து வாரம் பஸ்ஸில் அலைந்தபோது, நடுநடுவே ஒரே ஊரில் மூட்டையை இறக்கிவைத்து ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. பெருவின் குஸ்கோவில் நான்கு இரவு தங்கினேன். பொலிவியாவின் சூக்ரேயிலும் நான்குதான் திட்டம், ஆறாகிவிட்டது. என் ஓட்டு எதற்கு என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

பார்க்க எது பெரிது என்றால், குஸ்கோதான். அதில் பேச்சே இல்லை. இன்காக்களின் தலைநகரம். கோரிகாஞ்சா கோயிலின் கற்சுவர்மேலேயே ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பலமாக இடிந்தது. அடியில் இருந்த இன்கா சுவர் அசையவில்லை. ஹாதுன் ருமியோக் சந்தில் பன்னிரண்டு மூலை வைத்து வெட்டிய கல்லுக்கு எதிரே எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும்.

ஓய்வெடுக்க வந்தவனுக்குத் தொல்லையே அங்கேதான். பத்து நாள் செல்லுபடியாகும் சுற்றுலாச் சீட்டை வாங்கிவிட்டால், காசு வீணாகக் கூடாதே என்று கால் தானாக ஓடுகிறது. பெரிய சதுக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் “மசாஜ், மசாஜ்” என்று யாராவது வந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை முறித்தது தூக்கம். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூக்ரே ஏறக்குறைய 2,800. காகிதத்தில் சின்ன வித்தியாசம், கட்டிலில் பெரிய வித்தியாசம். குஸ்கோவில் முதல் இரவு, கண் அசந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்று, திடுக்கிட்டு வாயால் காற்றை இழுத்தபடி எழுந்தேன். மறுபடி படுத்தால் மறுபடி அதே கதை. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதை ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு வாங்குகிறது. அதில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ‘மூச்சு விடு’ என்று மூளையை முக்கியமாகத் தூண்டுவது அந்தக் கரியமில வாயுதான். அது குறைந்ததும் தூக்கத்தில் சில நொடி மூச்சு நிற்கிறது, அப்புறம் ஒரு பெருமூச்சு. விடிய விடிய இதே தாளம்.

விடுதியில் கோக்கா இலைத் தேநீர் கொடுத்தார்கள். தலைவலி தணிந்த மாதிரி இருந்தது; தூக்கத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. (இலையை ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும்.) அறை சான் பிளாஸ் மேட்டில். தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே போய்விட்டுத் திரும்பினால் படிக்கட்டில் மூன்று முறை நிற்க வேண்டும்.

சூக்ரேயில் முதல் இரவே ஒன்பது மணி நேரம் தூங்கினேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குஸ்கோவுக்கு நான் போனது லீமாவிலிருந்து விமானத்தில், கடலோரத்திலிருந்து ஒரே தாவலாக. சூக்ரேக்கு வந்ததோ 4,000 மீட்டர் உயரத்துப் பொதோசியிலிருந்து, மூன்று மணி நேரம் பஸ்ஸில் இறங்கி. உடம்பு அதற்குள் பழகியிருந்தது. வரிசை மாறியிருந்தால் சூக்ரே இவ்வளவு இனித்திருக்காது.

ஊர் முழுக்க வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு. அரசியல் சாசனப்படி பொலிவியாவின் தலைநகரம் இதுதான். அரசாங்கம் நடப்பது என்னவோ லா பாஸில். 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய மண்டபத்தை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். சிமென்ட் ஆலைக்குப் பக்கத்துக் குன்றில் டைனோசர் காலடித் தடங்கள் ஆயிரக்கணக்கில் செங்குத்தாக ஏறிப்போகின்றன. பிள்ளைகளோடு போனால் தவறவிடாதீர்கள். மற்றபடி மதியம் கடைகளைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிற ஊர். நீங்களும் போய்ப் படுக்கலாம், எதையும் தவறவிட்ட குற்ற உணர்ச்சி வராது.

தினமும் நான் போனது மத்தியச் சந்தையின் ஜூஸ் வரிசைக்கு மட்டும். ஏப்ரன் கட்டிய அம்மாக்கள் பழக் குவியலுக்குப் பின்னால் உயர உட்கார்ந்திருப்பார்கள். தம்ளர் நிறைய ஊற்றித் தருவார்கள்; பாதி குடித்ததும், மிக்ஸி ஜாரில் மிச்சம் இருப்பதைக் கேட்காமலே ஊற்றுவார்கள். அந்த மலைநாட்டின் கெச்சுவா மொழியில் இதற்கு ‘யாப்பா’ என்று பெயர். நம் கொசுறேதான். குஸ்கோவின் சான் பெட்ரோ சந்தையிலும் இந்த வழக்கம் உண்டு, ஆனால் அங்கே நின்று குடிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

செலவு சூக்ரேயில் குறைவு. சைவச் சாப்பாட்டில் குஸ்கோ ஜெயிக்கும். சூக்ரேயில் நிலக்கடலை சூப்பில்கூட மாட்டிறைச்சி கிடக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். பெருவின் இன்னொரு ஊரான அரெகிப்பாவை ஏன் சொல்லவில்லை என்பவர்களுக்கு: இன்னும் தாழ்வு, சுமார் 2,300 மீட்டர். ஆனால் பஸ் மாற ஓர் இரவுதான் இருந்தேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியில்லை.

பெருவோடு திரும்புகிறவர்கள் குஸ்கோவில் இறங்கிய கையோடு ஒய்யாந்தைதாம்போவுக்கு வண்டி பிடியுங்கள். அதுவும் பழைய இன்கா ஊர்தான், உயரம் கிட்டத்தட்ட சூக்ரே அளவு, மச்சு பிச்சு ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. முதல் சில இரவு அங்கே தூங்கிவிட்டு, அப்புறம் குஸ்கோவுக்கு ஏறுங்கள்.