அம்பாசிடர் மார்க் 4: இனியும் செலவு செய்யத் தகுந்த வண்டிதானா?

பழைய அம்பாசிடர் நிற்கும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழும் கேள்வி, இந்த வண்டிக்கு இனியும் பணம் போட வேண்டுமா என்பது. எங்கள் தந்தையார் 1986இல் வாங்கிய மார்க் 4 பெட்ரோல் வண்டி மதுரையில் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. அதன் பதிவைப் புதுப்பிக்கும் கெடு வந்தபோது, "இந்தக் காசுக்கு ஒரு மாருதி எடுத்துரலாம்ண்ணே" என்றான் என் தம்பி. வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இருவருக்கும் பொதுவான மெக்கானிக்கிடம் போனோம். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை, வண்டியைக் குழிமேல் ஏற்றி, கீழே இறங்கி விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சினை எப்ப வேணாலும் பிரிச்சுக்கலாம் சார். தரை போச்சுன்னா வண்டி போச்சு."

இந்தக் காரைப் பற்றிய என் மதிப்பீடு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும். லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பது போன்ற தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அம்பாசிடருக்குக் கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாடாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி இது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அந்த அடிப்படை மாறவில்லை. தரைத் தகடும் பக்கவாட்டுப் பெட்டித் தகடுகளும் கூரையும் ஒன்றாக வெல்டிங் ஆகித்தான் பாரம் தாங்குகின்றன. ஆகவே தகட்டில் துரு ஏறினால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் முதுகெலும்பே பழுதாகிறது.

துருவைத் தேட வேண்டிய இடங்கள் எல்லா அம்பாசிடரிலும் ஏறக்குறைய ஒன்றே. முன்கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கிக் காலடி விரிப்புக்கு அடியில் தேங்கும். விரிப்பு மேலே காய்ந்திருக்கும், அடியில் சணல் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். விரிப்பைச் சுருட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு புதுக் குடத்தைத் தட்டியது போல் கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாகச் சத்தம் கொடுத்து, துருவைச் செதில் செதிலாக உதிர்க்கும். அடுத்து, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டின் மேல் ஒரு சிறு காந்தத்தை மெல்ல நகர்த்த வேண்டும். காந்தம் பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டை அடைக்கும் பட்டிப் பசைதான் இருக்கிறது. எங்கள் வண்டியின் இடப்பக்கத்தில் அப்படி ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் வழுக்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் டிங்கர் வேலைக்கு முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு, ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே பெயின்ட் அடித்துத் தந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, பின்பக்கப் பட்டை வில்லின் (லீஃப் ஸ்பிரிங்) முன்முனை உடலோடு சேரும் இடம். அது உறுதியாக இருந்தால் மற்ற தகடுகளை வெட்டி ஒட்டலாம். அது கரைந்துவிட்டால் எவ்வளவு பற்றும் பாசமும் இருந்தாலும் செலவை நிறுத்திவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்த வகையில் மதுரையின் வறண்ட காற்று நமக்குப் பெரிய உதவி; பழைய கார் வாங்க நினைப்பவர்கள், அது தூத்துக்குடி, ராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் நெடுநாள் நின்றதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு கவலை தேவையில்லை. 1489 சி.சி. கொள்ளளவுள்ள அந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. நல்ல லேத் பட்டறை இருந்தால் சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்யலாம், கிராங்க் தண்டைக் கடையலாம், வால்வு மூடும்போது பதியும் வால்வு சீட்டை மாற்றலாம். அந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்வது நல்லது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்து எஞ்சின் அது, அந்த ஈயம்தான் வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது; 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்ட பிறகு, அந்தப் பாதுகாப்பு இல்லாத பழைய வால்வு சீட்டுகள் மெல்லத் தேய்கின்றன. கடினப்படுத்திய வளையம் பொருத்திவிட்டால் அந்தக் கவலை தீரும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறையாவது ஓட்ட நேரமில்லாதவர்கள் இந்த வண்டியை வைத்திருக்கவே வேண்டாம்.

ஓட்டுவதற்கு எப்படி என்றால், அழகர்கோவில் சாலையில் விடிகாலையில் மூன்று தலைமுறையை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போக இதைப் போன்ற வண்டி வேறில்லை. முன்பக்க டார்ஷன் பாரும் (முறுக்குக் கம்பி) பின்பக்கப் பட்டை வில்லும் பள்ளங்களை விழுங்கிவிடுகின்றன. நீண்ட முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கடியின்றி அமரலாம். முழங்கால் வலிக்கும் என் தாயார் குனியாமல் ஏறி இறங்கும் கார் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சந்திப்பில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. எஞ்சின் ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறிக் குழாயில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். ஓடும்போது கியர் உராயாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது என்பதால், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி முதல் கியர் போடுவதே நல்லது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், காற்றுப்பைகள் கிடையாது. திருமங்கலம் நான்குவழிச் சாலையில் இரவில் குழந்தைகளோடு இதில் போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பான விதி உண்டு. அந்தப் பயணங்களுக்கு வேறு வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும், அம்பாசிடரைத் தங்கள் ஒரே காராக வைத்திருக்கக் கூடாது.

காகிதச் செலவுக்கு வருவோம். 20 ஆண்டுகளைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதைக் கட்ட வேண்டும். பசுமை வரி தனி. 1000 முதல் 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். 50 ஆண்டுகளைக் கடந்து, மாற்றம் செய்யப்படாத வண்டியை, 2021இல் வந்த விதிகளின்படி பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கன்றி அன்றாடம் ஓட்ட முடியாது. கோயிலுக்கும் சந்தைக்கும் ஓட்டுபவர்களுக்கு அது பயன்படாது. ஆனாலும் அந்த வழி அடைபடாமலிருக்க, வாடகைக்கார்களில் அந்நாளில் செய்தது போல் வேறு டீசல் எஞ்சினைப் பொருத்தாமல் இருப்பது நல்லது.

உதிரிபாகங்களுக்கு மதுரைக் கடைகளில் பாதி கிடைக்கும், மீதிக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. அரிதாகி வருபவர்கள் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியையும் தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளியையும் காதால் கேட்டே சரிசெய்யும் மெக்கானிக்குகள்தாம். எங்கள் மெக்கானிக்கின் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. ஆகவே அவர் வேலை செய்யும்போது உடனிருந்து, கிரீஸ் அடிக்கும் இடங்களையும் கார்புரேட்டர் பிரித்துச் சேர்ப்பதையும் என் தம்பி கைப்பேசியில் படமெடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறான்.

எங்கள் வண்டியில் பின்பக்கப் பட்டை வில் உடலோடு சேரும் இடம் இரண்டு பக்கமும் கெட்டியாக இருக்கிறது. எனவே இடப்பக்கத் தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைக்கவும், அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவும் முடிவு செய்திருக்கிறோம். பெயின்டுக்கு இந்த ஆண்டு பணம் ஒதுக்கவில்லை. அடுத்த புதுப்பிப்புக்கு முன் மறுபடியும் குழிமேல் ஏற்றிப் பார்ப்போம். அந்த இணைப்பில் துரு கண்டால் விற்றுவிடலாம் என்று தம்பிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.